மாமரத்தடியில் நிற்கும் கார்: பிசினைத் தேய்க்காதீர்கள், ஊற வையுங்கள்

கேள்வி:

அண்ணா வணக்கம். சென்னை கே.கே. நகரில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கார் நிறுத்தத் தனி இடம் இல்லை, காம்பவுண்டுக்கு வெளியே தெருவில்தான், பக்கத்து வீட்டு மாமரக் கிளைக்கு நேர் கீழே. செகண்ட்ஹேண்ட் கார், கருநீல நிறம். டிரைவர் பக்கக் கதவை மட்டும் பழைய ஓனர் வெளியில் ரீபெயின்ட் செய்திருக்கிறார். மாசி மாதத்தில் இருந்தே கார் முழுக்க பிசுபிசுப்பு. இப்போது பானெட்டிலும் ரூஃபிலும் பழுப்பாகக் கெட்டித் துளிகள், அங்கங்கே ஒழுகிய மாதிரி கறை. காலையில் கார் துடைக்க வருபவர் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வைத்து பானெட்டில் ஒரு இடத்தில் தேய்த்துவிட்டார், அந்த இடம் வெளுத்துப்போய் நிற்கிறது. மெக்கானிக், தின்னர் போட்டால் ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்கிறார். ஒரு டீடெய்லிங் கடையில் 28,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங் போட்டால் இனிமேல் மரப்பால் ஒட்டவே ஒட்டாது என்றார்கள். அப்பாவோ மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்டுவிடலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, முதல் வேலையாக அந்த மெக்கானிக்கிடம் தின்னர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தின்னர் என்பது பெயின்ட்டைக் கரைப்பதற்கென்றே செய்த சரக்கு. பிசினையும் அது கரைக்கும், மறுக்கவில்லை, ஆனால் பிசினோடு அது நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? கம்பெனியில் அடித்த பெயின்ட்டை சுமார் 140 டிகிரி சூட்டில் அடுப்பில் வேக வைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள், அதனால் அது கொஞ்ச நேரம் தாங்கும், தாங்கிவிட்டு மெல்ல மங்கும். உங்கள் டிரைவர் பக்கக் கதவு அப்படி இல்லை. வெளியில் அடிக்கும் பெயின்ட்டை நல்ல கடையாக இருந்தால் 60 டிகிரி பூத்தில் காய வைப்பார்கள், சின்னக் கடையாக இருந்தால் வெயிலில்தான். பழைய ஓனர் செலவைக் குறைக்க நினைத்திருந்தால் அது மட்டமான பெயின்ட்டாகவும் இருக்கலாம். அந்தக் கதவில் தின்னர் துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் துணியில் நீல நிறம் வந்துவிடும். அப்புறம் பிசினைப் பற்றிய பேச்சே இருக்காது, கதவுக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவருக்கும் இதே கதைதான், அதில் இருப்பது பெரும்பாலும் அசிட்டோன். பெட்ரோலும் வேண்டாம், தீப்பிடிக்கிற பொருள், மேலே இருக்கிற மெழுகுப் பூச்சை, அதாவது வேக்ஸையும், அழித்துவிட்டுப் போகும்.

சரி, இப்போது உங்கள் கார் மேல் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எல்லாவற்றையும் சேர்த்து மரப்பால் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன அடையாளங்களைப் படித்தால் எனக்கு மூன்று தனித்தனி விஷயங்கள் தெரிகின்றன. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைப் போட்டுத் தேய்ப்பதில்தான் முக்கால்வாசிக் கார்கள் கெட்டுப்போகின்றன.

மாசியில் இருந்து கார் முழுக்கப் பிசுபிசுப்பு என்றீர்களே, அது மரத்தின் பாலே இல்லை. மாமரம் பூக்கிற தை, மாசி மாதங்களில் தத்துப்பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து பூங்கொத்துகளிலும் தளிரிலும் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அந்தச் சாற்றில் சர்க்கரை நிறைய, பூச்சிக்கு வேண்டிய மற்ற சத்து கொஞ்சம், அதனால் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மிச்சச் சர்க்கரைத் தண்ணீரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் காரில் விழுவது அந்தச் சர்க்கரைத் தண்ணீர். பக்கத்து வீட்டு மரத்தின் கீழ் இலைகளை நிமிர்ந்து பாருங்கள், பளபளவென்று எண்ணெய் தடவியது மாதிரி இருக்கும், சில இலைகளில் கரி பூசியது போல ஒரு கறுப்புப் படலமும் இருக்கும். அந்தச் சர்க்கரையில் வளரும் பூசணம் அது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும் கார்களில் வெயில் காலத்தில் தூறல் போட்ட மாதிரி புள்ளிகள் இருப்பதற்கும் பல சமயம் இப்படிப்பட்ட சாறு உறிஞ்சும் பூச்சிகள்தான் காரணம். சர்க்கரை என்பதால் இது தண்ணீரிலேயே கரையும். பச்சை நாரும் வேண்டாம், தின்னரும் வேண்டாம். தண்ணீரும் பொறுமையும் போதும்.

இரண்டாவது, அந்தப் பழுப்புக் கெட்டித் துளிகள். கிளையிலோ தண்டிலோ காயம் பட்ட இடத்தில் வடிகிற பிசின் சொட்டினால் இப்படித்தான் உறையும். அதிலும் இரண்டு வகை உண்டு. வேம்பு, முருங்கை மாதிரி மரங்களின் பிசின் தண்ணீர் பட்டால் ஊறி உப்பும், இளகும். வேறு சில பிசின்களில் எண்ணெயும் குங்கிலியம் மாதிரியான பொருளும் கலந்திருக்கும், அதற்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, ஆல்கஹாலோ எண்ணெயோதான் வேண்டும். மாமரப் பிசினில் இரண்டு குணமும் கலந்தே இருக்கும்.

மூன்றாவதுதான் மோசமானது. ஒழுகிய மாதிரி கறை என்று எழுதியிருக்கிறீர்கள், அது மாங்காய்ப் பாலாக இருக்க வேண்டும். இப்போது காய் பிடித்திருக்கும். பசங்க கல் எறிவார்கள், அணில் கடிக்கும், காற்றில் காய் உதிரும். காம்பு ஒடிந்த அந்த நிமிஷத்தில் பீய்ச்சிக்கொண்டு வரும் பால் அமிலத்தன்மை உள்ளது, வாயில் பட்டால் உதடு புண்ணாகும், கன்னத்தில் பட்டால் கறுத்து வடுவாகும் என்று நம் வீடுகளில் குழந்தைகளை அதட்டுகிறோமே, அதே பால்தான். அது பெயின்ட்டின் மேல் விழுந்து சித்திரை வெயிலில் காய்ந்தால் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதோடு நிற்காது, கீழே அரிக்கவும் செய்யும். கருநீலம் மாதிரி அடர்ந்த நிறக் கார் உச்சி வெயிலில் தொட முடியாத சூட்டுக்குப் போகும், 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அந்தச் சூட்டில் மேல்பூச்சு கொஞ்சம் இளகி விரியும், சாயங்காலம் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது மேலே காய்ந்திருக்கும் துளியின் வடிவம் அதில் பதிந்துவிடும். பறவை எச்சம் தடம் விடுவதும் இதே வழியில்தான். இதற்கு மட்டும் நாள் கடத்தாதீர்கள். தத்துப்பூச்சித் துளியை ஒரு வாரம் விட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம், மாங்காய்ப் பாலை அன்றைக்கே ஈரத்துணி போட்டு எடுத்துவிட வேண்டும்.

எது எது என்று கண்டுபிடிக்க பெரிய சோதனை எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அந்த இடத்தின் மேல் ஐந்து நிமிஷம் போர்த்தி வையுங்கள். எடுத்து விரலால் தொட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு கரைந்திருந்தால் பூச்சி விட்ட சர்க்கரை. கொழகொழவென்று உப்பியிருந்தால் தண்ணீரில் ஊறும் பிசின். அசையாமல் கல் மாதிரியே இருந்தால் ஆல்கஹால் கேட்கிற ஜாதி. மேலே இருந்தது போய், கீழே மங்கலான தடம் மட்டும் தெரிந்தால் அரிப்பு ஏற்கனவே நடந்துவிட்டது.

இனி வேலைக்கு வருவோம். விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ செய்யுங்கள், பானெட்டின் மேல் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். முடிந்தால் அன்றைக்கு மட்டும் மரத்தடியை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், இல்லையென்றால் கழுவக் கழுவ மேலே இருந்து விழுந்துகொண்டே இருக்கும். முதலில் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி மண்ணை இறக்குங்கள். இதை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. தெருப்புழுதி, பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்து சிமென்ட் தூள், மெட்ரோ வேலை நடக்கிற ஏரியா என்றால் அந்த மண்ணும் சேர்ந்து பிசினோடு ஒட்டியிருக்கும். அதை இறக்காமல் துணியை வைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். அப்புறம் கார் ஷாம்பு. துணி துவைக்கும் பவுடர் கூடாது, காரம் அதிகம். பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு தடவைக்குப் பரவாயில்லை, வழக்கமாக்கினால் வேக்ஸ் நிற்காது. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் அழுக்குத் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். மேலே ரூஃபில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி.

இந்தக் கழுவலிலேயே உங்கள் காரில் இருக்கும் பிசுபிசுப்பில் பெரும்பகுதி போய்விடும். போகாத இடங்களுக்கு ஊற வைப்பதுதான் வழி. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குளிக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் சரி. மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து போர்த்துங்கள், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி நனைத்துப் போர்த்துங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் கெட்டிப் பிசினும் ஓரத்தில் இருந்து எழும்ப ஆரம்பிக்கும். எழும்பியதைத் துணி சுற்றிய விரல் நகத்தாலோ பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தில் துணி சுற்றியோ மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். பிளேடு, கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் பெயின்ட் பக்கமே வரக்கூடாது.

தண்ணீருக்கு மசியாததற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும், லேபிளில் அந்தப் பெயரும் 70 சதவீதம் என்றும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் அலமாரியில் மிச்சம் இருந்தால் அதுவும் உதவும், ஜெல்லாக இருப்பதால் ஒழுகாமல் துளியின் மேலேயே நிற்கும், ஆனால் அதில் கிளிசரினும் கலந்திருக்கும், வேலை முடிந்ததும் ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து துளியின் மேல் அரை நிமிஷம், அதிகம் போனால் ஒரு நிமிஷம் வையுங்கள். எடுத்து, சுத்தமான துணியால் ஒரே திசையில் ஒற்றி வழித்து எடுங்கள். வட்ட வட்டமாகத் தேய்த்தால் கரைந்த பிசின் சுற்றிலும் பரவி இன்னும் பெரிய இடத்தில் காயும். துணி பிசுபிசுத்தால் மடிப்பை மாற்றுங்கள். ஒரு துளிக்கு மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தாலும் செய்யுங்கள், ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்று அழுத்தாதீர்கள். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, இன்ஜின் சூடாக இருக்கும்போது பானெட்டில் செய்யக் கூடாது, ஆல்கஹால் ஆவி சட்டென்று பற்றும்.

ஆல்கஹாலுக்கும் அசையாமல் ஒன்றிரண்டு நின்றால் எண்ணெய் வழி இருக்கிறது. பலாப்பழம் அறுப்பதற்கு முன்னால் கையில் எண்ணெய் தடவுகிறோம் இல்லையா, ரப்பர் மாதிரியான அந்தப் பாலை எண்ணெய்தான் விடுவிக்கும், இங்கேயும் அதே கணக்கு. தேங்காய் எண்ணெயைத் தடவி கால் மணி நேரம் விடுங்கள், மெதுவாகத்தான் இளகும், ஆனால் பெயின்ட்டுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. அவசரம் என்றால் டபிள்யூடி-40 அடித்து இரண்டு நிமிஷம் விட்டு வழிக்கலாம். எதைப் போட்டாலும் கடைசியில் ஷாம்பு போட்டு எண்ணெயை முழுக்க எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தெருப்புழுதி எல்லாம் அந்த இடத்தைத் தேடி வந்து உட்காரும்.

உங்கள் ரீபெயின்ட் கதவைத் தனியாகச் சொல்கிறேன். அங்கே ஆல்கஹால் வைப்பதற்கு முன்னால் கதவைத் திறந்து, உள்பக்கம் கீழ் ஓரத்தில் அதே பெயின்ட் அடித்த இடமாகப் பார்த்து, வெளியே தெரியாத இடத்தில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் வருகிறதா, இடம் மங்குகிறதா, விரலுக்குப் பிசுபிசுக்கிறதா? மூன்றில் எது நடந்தாலும் அந்தக் கதவுக்கு வெந்நீரும் தேங்காய் எண்ணெயும் மட்டும்தான். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. பொதுவாகவே வெளியில் பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகும் வரை எந்த ரசாயனமும் அதன் மேல் படக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

கண்ணாடிக்கு இவ்வளவு பயம் வேண்டாம், ஆல்கஹால் தாராளமாகப் போடலாம், பிசின் காய்ந்திருந்தால் ஈரம் பண்ணிக்கொண்டு புது பிளேடைப் படுத்து வைத்து வழிக்கலாம். ஆனால் எடுக்கும் வரை வைப்பரைப் போடாதீர்கள், ஒரு துளியைக் கண்ணாடி முழுக்க இழுத்துவிடும், ரப்பரும் கெடும். ஹெட்லைட் கண்ணாடி மாதிரி தெரியும், அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தின்னர், பெட்ரோல் பட்டால் உள்ளுக்குள் மயிரிழை விரிசல்கள் ஓடும், அதைத் திரும்பச் சரி பண்ண முடியாது, ஷாம்பும் வெந்நீரும் மட்டும் போதும்.

எல்லாம் எடுத்த பிறகு சின்ன பிளாஸ்டிக் கேரி பேக்கைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு ஈரமான பானெட்டின் மேல் விரலை ஓட விடுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பு இப்போது தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் பிசின் பொடியும் தெருவில் பறந்து வந்த இரும்புத் துகளும் அது. அதற்குத்தான் க்ளே பார் என்று களிமண் கட்டி மாதிரி ஒன்று விற்கிறார்கள், ஃபைன் கிரேடு கேட்டு வாங்குங்கள். ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து வழுவழுப்பாக வைத்துக்கொண்டு அழுத்தாமல் ஓட்ட வேண்டும், ஒரு பகுதி முடிந்ததும் கட்டியை மடித்துப் புதுப் பக்கம் எடுக்க வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். மண் ஏறிய கட்டியைக் கழுவி மறுபடி போட்டால் ஒவ்வொரு இழுப்பும் கீறலாகும்.

கடைசி அலசலுக்கு முடிந்தால் மெட்ரோ வாட்டர் வையுங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வெயிலில் காய்ந்து வெள்ளைப் புள்ளி வைக்கும், கருநீலத்தில் அது பிசினை விடக் கண்ணை உறுத்தும். போர் தண்ணீர்தான் என்றால் காய விடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

இப்போது பச்சை நார் பட்ட இடம். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் கவலை தந்தது இதுதான். பெயின்ட் என்று நாம் பார்ப்பதன் மேல் நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பும் அதில்தான், வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் அதுதான். அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும், அதை விட மெல்லியது. ஒரு தடவை போனது போனதுதான், திரும்ப வளராது. அந்தப் பச்சை நாருக்குள் அரைக்கிற துகள்களைக் கலந்தே செய்கிறார்கள், எவர்சில்வர் அடிப்பிடித்ததையே எடுக்கிற சாமான் அது. துடைக்க வருபவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் இனிமேல் உங்கள் காருக்கு என்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், தெருவில் உள்ள எல்லாக் காரையும் துடைத்த அதே துணியும் அதே வாளித் தண்ணீரும் உங்கள் காரில் படக் கூடாது. புழுதியை உலர்ந்த துணியால் தட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வெளுத்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது வெளுப்பு மறைந்து, காய்ந்ததும் மறுபடி தெரிந்தால் கீறல் கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது, பாலிஷ் பண்ணி மீட்டுவிடலாம். ஈரத்திலும் வெள்ளையாகவே தெரிந்தால், அல்லது நகத்தை வைத்து இழுத்தால் கீறலில் மாட்டினால், பாலிஷ் போதாது, அந்த பானெட்டுக்கு மறுபடி கிளியர் அடிக்க வேண்டி வரலாம். மாங்காய்ப் பால் தடத்துக்கும் இதே அணுகுமுறைதான், ஆழம் குறைவு என்றால் பாலிஷில் போகும், ஆழமாக இருந்தால் பாதி குறைத்து அதோடு விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். முழுக்க எடுக்கிறேன் என்று அரைத்துக்கொண்டே போனால் பூச்சு தீர்ந்துபோய், இரண்டு கோடையில் உரியத் தொடங்கும்.

அந்தப் பாலிஷை டிங்கரிங் கடையில் முரட்டு ரப்பிங் காம்பவுண்ட் போட்டு கிரைண்டர் வேகத்தில் அடிக்க விடாதீர்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி ஜொலிக்கும், கீறலுக்குள் எண்ணெயும் ஃபில்லரும் அடைத்திருப்பதால்தான் அந்த ஜொலிப்பு, நாலு தடவை கழுவினால் வட்ட வட்டமாக வலைக்கோடுகள் வெயிலில் தெரியும். பெயின்ட் திக்னஸ் மீட்டர் வைத்து முதலில் அளந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அளக்காமல் மெஷினை எடுப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். அளந்து பார்த்தால் உங்கள் ரீபெயின்ட் கதவு எவ்வளவு தடிமன், உள்ளே பட்டி ஏற்றியிருக்கிறதா என்பதும் சேர்த்தே தெரிந்துவிடும்.

28,000 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட்டின் மேல் காய்ந்து கெட்டியாகும் ஒரு பாதுகாப்புப் பூச்சு. அது மோசடி இல்லை, நல்லபடி போட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கும் பிசினும் சுலபமாக விடும். ஆனால் ஒட்டவே ஒட்டாது என்பது பொய். மாங்காய்ப் பால் அதன் மேலும் விழும், வெயிலில் அதன் மேலும் காயும், எடுக்காமல் விட்டால் அதிலும் தடம் பதியும். நாள்தோறும் மாமரத்தடியில் திறந்த வெளியில் நிற்கிற காருக்கு, அதுவும் ஒரு கதவு வேறு பெயின்ட்டாக இருக்கும்போது, இந்தச் செலவை நான் சொல்ல மாட்டேன். அடியில் உள்ள கீறலைச் சரி பண்ணாமல் கோட்டிங் போட்டால் கீறலைப் பூட்டி வைத்த மாதிரி ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குப் பதில் நல்ல வேக்ஸோ சீலன்ட்டோ ஒரு டப்பா வாங்கி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீங்களே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேர வேலை. பிசின் வேக்ஸின் மேல் உட்காரும், எடுக்கும்போது வேக்ஸோடு சேர்ந்து வரும். ஆல்கஹால் வைத்த இடங்களில் பழைய வேக்ஸ் போயிருக்கும், அங்கே அன்றைக்கே மறுபடி போட்டுவிடுங்கள்.

கவர் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். காய் முடியும் வரை போடலாம், கழுவித் துடைத்துக் காய்ந்த காரின் மேல் மட்டும். பிசுபிசுத்த காரின் மேல் கவரைப் போட்டால் துணி ஒட்டிக்கொள்ளும், காற்றில் கவர் ஆட ஆட அடியில் உள்ள மண் தேய்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக் கவரை நாள்கணக்கில் விட்டு வைக்காதீர்கள்.

இடம் மாற்ற முடிந்தால் எந்த மரம் என்று பார்த்து மாற்றுங்கள். நாவல் மரத்தடியில் ஆனி, ஆடியில் ஊதாக் கறை, பாதாம் மரத்தடியில் ஈர இலை ஒட்டினால் பழுப்புத் தடம். வேம்பு பரவாயில்லை, பூவும் பழமும் கொட்டும், பழம் தின்ன வரும் காக்கா எச்சம் போடும், ஆனால் அதன் பிசின் தண்ணீருக்கு இளகும்.

கடைசியாக அப்பா சொன்னது. மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்காதீர்கள் தம்பி, அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து போன பிறகு நம் ஊர் தெருக்கள் எப்படி மொட்டையாக நின்றன என்று அவருக்கு நினைவிருக்கும். வெயிலில் நாள் முழுக்கக் காய்கிற காரின் பெயின்ட், டேஷ்போர்டு, ரப்பர் எல்லாம் கெடுகிற வேகத்தோடு ஒப்பிட்டால் இந்த மரம் உங்கள் காருக்குச் செய்கிற நன்மைதான் அதிகம். பிசினைத் தண்ணீர் வைத்து எடுத்துவிடலாம், வெயில் உரித்த பெயின்ட்டை எடுத்து ஒட்ட முடியாது. தெருவோரத்து மாநகராட்சி மரமாக இருந்தால் கிளையைக் கழிக்க 1913-க்குப் போன் பண்ணிப் புகார் பதியலாம், நாமே அரிவாளை எடுக்கக் கூடாது. இது பக்கத்து வீட்டுக்காரர் மரம், அதனால் அவரிடம்தான் பேச வேண்டும். பூ விடும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தால் அவருக்குக் காய்ப்பும் கூடும், உங்கள் காருக்கும் பிசுபிசுப்பு குறையும், அந்தப் பக்கமாகப் பேச்சை ஆரம்பியுங்கள். தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைக் காய் பறித்து முடிந்த பிறகு ஆடி வாக்கில் கழித்துவிட்டால் மரத்துக்கும் நல்லதுதான். அதுவரைக்கும் காய் பறிக்கிற நாளை முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள், ஒரே நாளில் அத்தனை காம்பும் ஒடிந்து பால் கொட்டுவது அன்றைக்குத்தான், அன்று காலையிலேயே காரை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்.